உடைய வேண்டியது

கூர் என்ற ஊரிலிருந்து ஒரு பார்சல்.
பஞ்சுக்குள் மருந்துக் குப்பி,
குப்பிக்குள் பாதித் திருகாணி.
தோட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் பெரிது.
மீதிப் பாதி இன்னும்
ரெட்டோ கமெனிஷின் கீழ்த்தாடையில்,
வலப்பக்கம், கடைசிக்கு முந்தைய கடைவாயில்.

வரைந்தது நான்.
மூன்று குளிர்காலம்,
பியல் ஏரியைப் பார்த்த ஜன்னலோரம்,
எலும்பில் இறங்கும் டைட்டானியத் தண்டுக்கும்
மேலே அமரும் பீங்கான் பல்லுக்கும் நடுவே
ஒரு கூம்பை எத்தனை பாகை சாய்ப்பது என்று
எத்தியெனோடு சண்டை.
அவர் பதினொன்று என்றார்.
நான் ஏழரை என்றேன்.
ஏழரை பிடித்தால் விடாது.

பசை போட்டு ஒட்டியிருக்கலாம்.
துளை தெரியாது, அழகு.
ஆனால் வழிந்த பசையில் ஒரு துளி
ஈறுக்கடியில் ஒளிந்துகொண்டால்
ஈறு அதை மன்னிப்பதே இல்லை.
திருகாணி என்றால்
பல்லின் நடுமண்டையில் ஒரு கிணறு தோண்ட வேண்டும்.
மருத்துவர் அதில் குழாய்க்காரர் சுற்றும் வெள்ளை டேப்பைத் திணித்து
மேலே பல்நிறத்தில் பூசி மூடுவார்.
மகுடத்துக்குள் குழாய்க்காரர் டேப்.
விளம்பரத்தில் இது வராது.

எங்கள் எந்திரம் ஐம்பது லட்சம் முறை மென்றது,
உடல்சூட்டு உப்புநீரில்,
ஞாயிறுகூட விடாமல்.
திருகாணி அசையவில்லை.
கேக் வெட்டினோம்.

இப்போது நுண்ணோக்கியில் வைக்கிறேன்.
உடைந்த முகத்தில் வரிவரியாகக் கோடுகள்,
ஏரி பின்வாங்கும்போது
கரையில் விட்டுப்போவதைப் போல.
ஒரே கடியில் போனதல்ல இது.
இஞ்சு இஞ்சாகக்கூட அல்ல,
அதைவிடப் பொறுமையாக.

மருத்துவர் லடீனாவின் குறிப்பு, பச்சை மையில்:
“எதையும் கடிக்கவில்லை என்கிறார்.
தூங்கிக்கொண்டிருந்தாராம்.”
ஜூலியர் கணவாயில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர்.
பகலெல்லாம்
சரிவின் விளிம்பையே பார்த்துக்கொண்டு,
ஒரு வார்த்தை பேசாமல்.
எங்கள் எந்திரத்துக்கு உப்புநீர் ஊற்றினோம்,
சூடு வைத்தோம்.
தூக்கம் வைக்கவில்லை.

சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி நார் இருக்கும்.
அழுத்தினால் மயிரிழை நெகிழும்,
தாடையிடம் சொல்லும்: போதும்.
நான் செய்த பல்லுக்கு நார் கிடையாது.
எலும்பு நேரே உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது.
அவ்வளவு பற்று;
போதும் என்று சொல்லத்தான் யாருமில்லை.

“தடிமனாக்கு” என்றார் எத்தியென்.
“வேறு கலவை, இரட்டை வலு.”
ஒரு மதியம் முழுக்கக் கணக்குப் போட்டேன்.
திருகாணி தாங்கினால் கூம்பு விரியும்.
கூம்பும் தாங்கினால் தண்டு பிளக்கும்.
தண்டும் தாங்கிவிட்டால்
அடுத்தது ரெட்டோ.
திருகாணி அறுபது பிராங்க்.
தாடைக்கு எங்களிடம் விலைப்பட்டியல் இல்லை.

வரைபடத்தை மாற்றவில்லை.

லடீனாவுக்கு எழுதினேன்:
திருகாணி உடைந்தது. அதற்காகத்தான் அது இருக்கிறது.
மீதியை இடப்பக்கமாகச் சுற்றுங்கள், அவசரமில்லாமல்.
வரும்.
புதியதை முப்பத்தைந்து வரை முறுக்குங்கள்,
பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை.
இரவில் போட்டுக்கொள்ள ஒரு காப்பும் செய்துகொடுங்கள்,
கடித்துக் கடித்து அதுவே தேயட்டும்.

விற்பனைப் பிரிவு “உடைந்தது” என்பதை அடித்துவிட்டு
“தளர்வுற்றது” என்று திருத்தி அனுப்பியது.
நான் மறுபடி “உடைந்தது” என்றே போட்டேன்.

மாலையில் வானொலி சொன்னது:
ஜூலியரில் இன்னும் நான்கு நாள் பனி.
பார்சலை ஒட்டப்போன கை நின்றது.
திறந்து
இன்னொரு திருகாணியும் வைத்தேன்.